ஆறு கத்திகளும் அறுப்பின் பண்டிகையும்

என் மனைவி ஞானம்மாள் புதுப் பலகையில் முதுகை ஒட்டி நின்றாள். நான் சுண்ணாம்புக் கட்டியால் அவளைச் சுற்றிக் கோடு வரைந்துகொண்டிருந்தேன்.

தோளில் தொடங்கிக் கழுத்தைக் கடந்து காதுப் பக்கம் வந்தபோது, "அங்க கொஞ்சம் எடம் விட்டு வரைங்க. அன்னைக்குக் கொண்டை போட்டுட்டு நிப்பேன். அது ஒரு பக்கமாட்டுச் சரியும்" என்றாள்.

"எவ்வளவு விடணும்?"

"ஒரு சாண்."

"ஒரு சாண் விட்டா பாக்கவங்களுக்கு என்ன ரசம் இருக்கும்?"

"ரசம் வேணும்னா அவங்களே வந்து நிக்கட்டும்."

கடைசியில் நாலு விரற்கடைக்கு இருவரும் ஒத்துக்கொண்டோம். காலை வெயில் தென்னை ஓலைகளுக்கு நடுவே பலகையில் விழுந்தது. புது அயினி மரத்தின் வாசனை முற்றமெங்கும் இருந்தது. சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறி ஞானம்மாள் தும்மினாள். கழுத்துக் கோடு கோணிவிட்டது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வரைந்தேன். அப்போது நான் தாலுகா கச்சேரியில் நில வரைபடம் எழுதும் வேலையில் இருந்தேன். கோடு கோணினால் எனக்குச் சோறு இறங்காது.

அன்றிலிருந்து ஐந்தாம் நாள் எங்கள் திருச்சபையின் அறுப்பின் பண்டிகை. அன்று பந்தலில் ஊர்கூடி உட்கார்ந்திருக்க, இவள் இந்தப் பலகை முன் நிற்பாள். நான் ஒன்பது அடி தூரத்திலிருந்து ஆறு கத்திகளை எறிவேன். அப்படி ஏற்பாடு.

அந்த வருஷத்து டைரி என் முன்னால் இருக்கிறது. ஓரங்களைக் கரையான் கொஞ்சம் தின்றிருந்தாலும் எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. இதில் எறிந்த கணக்கெல்லாம் உண்டு. இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பது மட்டும் இல்லை. அதை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும்.

கொட்டாவி

அதற்கு முந்திய வருஷம் நாகர்கோவிலுக்கு ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. யானையும் கரடியும் பார்க்கத்தான் போனோம். நடுவில் ஒரு மனிதர் வந்து கத்தி எறிந்தார். ஒல்லியான ஆள், லேசாக இருமல், முழங்கை தேய்ந்த கோட்டு. பார்த்தால் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் சொல்வோம்.

பலகை முன்னால் ஒரு பெண் நின்றாள். முதல் கத்தி அவள் இடது காதுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. 'டக்' என்ற சத்தம் எனக்கு அடிவயிற்றில் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கத்தி வருவதற்குள் அந்தப் பெண் கையை வாயில் வைத்து ஒரு கொட்டாவி விட்டாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் கத்தியை ஓங்கி நிற்கும்போது அவனுக்கு எதிரில் நிற்கிறவளுக்குத் தூக்கம் வருகிறது என்றால், அந்தக் கை எப்படிப்பட்ட கையாக இருக்க வேண்டும்! நான் வரைந்த வரைபடங்களை மேலதிகாரி ஒருநாளும் மறு அளவு எடுக்காமல் ஒப்புக்கொண்டதில்லை. என் கையை நம்பி ஒருத்தராவது கொட்டாவி விடக்கூடாதா என்று தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் கூடாரத்தின் பின்னால் போய் அவரைப் பார்த்தேன். வடக்கே மலபார்ப் பக்கத்து ஆள். கத்தியை என் கையில் கொடுத்தார். விரலை ஓட்டிப் பார்த்தேன். வாயில் கூர்மையே இல்லை, வெண்ணெய்கூட வெட்டாது. நுனி மட்டும் ஊசி.

"மூர்ச்ச வேண்டா, சாரே. முன மதி" என்றார். கூர் வேண்டாம், முனை போதும் என்று அர்த்தம்.

நான் நம்பவில்லை. நிஜக் கத்தியை ஒளித்துவிட்டு எனக்கு வேறு ஒன்றைக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எதை எறிவது?

எங்கள் நாட்டில் கத்திக்குக் குறைவில்லை. அடுக்களைக் கத்தியில் தொடங்கினேன். அதன் மரப்பிடி கனம். பிடிதான் முதலில் போய் இடிக்கும். மூன்றாம் எறியில் பிடி கழன்று கோழிக்கூட்டின் மேல் விழுந்தது.

குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டத்தில் வேலைசெய்த என் மச்சான் ஒரு பால்வெட்டும் கத்தி கொண்டுவந்து தந்தான். அதன் நுனி உள்பக்கம் வளைந்திருக்கும். மரத்தின் பட்டையைச் சீவுவதற்கு அது சரி. குத்தி நிற்க அதற்குத் தெரியாது.

பிறகு எங்கள் தெருக்கோடியில் இருந்த பனையேறியிடம் போய் அவருடைய பாளை அரிவாளைக் கேட்டேன். காகிதம் போல மெல்லிய தகடு, தொட்டால் சதை பிரியும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒம்ம பேனாவ எனக்குத் தருவீரா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா, எறிஞ்சு பாக்கதுக்கு."

திரும்பி வந்தேன்.

கடைசியில் வடசேரிக் கொல்லன்பட்டறைக்குப் போனேன். ஆறுமுகம் ஆசாரி பழைய மோட்டார் பஸ்ஸின் வில்பட்டைகளை வாங்கிப் போட்டிருந்தார். நான் காகிதத்தில் அளவோடு படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதவச்சு என்னத்த வெட்டப் போறீரு?"

"வெட்டதுக்கு இல்ல ஆசாரி, எறியதுக்கு."

"எறியதுக்குக் கல்லு போராதா ஓய்?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எட்டுக் கத்தி அடித்துத் தரச் சம்மதித்தார். ஆனால் வாய் தீட்ட வேண்டாம் என்று நான் சொன்னதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். மலபார்க்காரர் சொன்னதில் எனக்குப் பாதி நம்பிக்கை. அந்தப் பாதியைத்தான் சொன்னேன்.

"தீட்டாத கத்திய எம் பட்டறையில இருந்து வெளிய விட்டேன்னு வைங்க, நாளைக்கு ஒருத்தன் இந்தப் பக்கம் வருவானா? கத்தின்னா வெட்டணும். வெட்டாத கத்தி வேணும்னா மரத்துல செய்து தரச் சொல்லி தச்சன்கிட்ட போங்க."

மீதிப் பாதி மனது அவர் பக்கம் சாய்ந்தது. பனையும் தென்னையும் ஏறிப் பிழைக்கும் நாட்டில் பிறந்தவனுக்குக் கூரில்லாத கத்தி கத்தியாகத் தோன்றாது. தீட்டித் தந்தார். முடி சிரைக்கலாம் போல இருந்தது.

முதல் நாளே கத்தி என் உள்ளங்கையைக் கடந்து போனது. நாலு தையல். டைரியில் அந்த வாரம் முழுவதும் இடது கையால் எழுதியிருக்கிறேன். கட்டு அவிழ்த்த அன்று அரம் வாங்கி எட்டுக் கத்தியின் வாயையும் நானே மழுக்கினேன். ஆசாரிக்கு அது இன்றுவரை தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு

எட்டில் இரண்டு சொன்னபடி கேட்கவில்லை. மற்றவை ஒரு சுற்றுச் சுற்றிப் போய்க் குத்தும். அவை சுற்றி முடிக்காமல் விழும். பொறுக்கிச் சேர்த்தபின் எவை அந்த இரண்டு என்று எனக்குத் தெரியவில்லை. அளவுகோலில் எட்டும் ஒரே நீளம்.

ஞானம்மாள் மிஷன் பெண்களோடு லேஸ் பின்னுகிறவள். உருண்டைத் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. ஒரு கட்டை கனம் குறைந்தால் நூல் தொய்ந்துவிடும். அதனால் அவள் விரலுக்குக் கனம் தெரியும்.

"இங்க தாங்க" என்றாள். திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். "இது இதுக்கு ஜோடி. இது இல்ல. இதுக்கு வாலு கனம். அதத் தள்ளி வைங்க." கால்மணி நேரத்தில் மூன்று ஜோடி சேர்த்துவிட்டாள். தள்ளிய இரண்டில் ஒன்று தேங்காய் கீறப் போயிற்று. மற்றது எங்கே போயிற்று என்று எழுதி வைக்கவில்லை.

அந்த ஆறும் என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது வாழை.

கொல்லைப்புறத்தில் குலை வெட்டின வாழைகளின் அடிமரத்தை, நாங்கள் வாழைத்தடை என்போம், நிறுத்திவைத்து அதில்தான் எறிந்து பழகினேன். மரப்பலகை என்றால் சத்தம் கேட்டு அயல்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். வாழையில் சத்தமில்லை. 'சதக்' என்று போய் நிற்கும், நீர் ஒழுகும். ஒருநாள் டைரியில் இப்படி இருக்கிறது: "எறிந்தவை நாற்பது. விழுந்தவை இல்லை." அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

"நான் நிக்கேன்"

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையார் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடுவோம். பிறகு பந்தலில் பாட்டு, சம்பாஷணை, வேடிக்கை. அந்த வருஷம் புதிதாக என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டார்கள். கமிட்டிச் செயலாளர் மாசிலாமணி வாத்தியார். எனக்குப் பள்ளித் தோழர். என்னைச் சீண்டாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

நாற்பதுக்கு நாற்பது மண்டையில் ஏறியிருந்த நேரம். எழுந்து நின்று, "நான் கத்தி எறிகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எறியும் ஓய், நல்லா எறியும். முன்னால ஆரு நிப்பா? வாழையா?"

கொல்லைப்புறத்து விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது! கூட்டம் முழுதும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் நிக்கேன்."

ஞானம்மாள்தான். அவள் பொதுக்கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு சட்டென்று நின்றது. அடுத்த ஞாயிறு கோயிலில் உபதேசியார் அறிவிப்புகளோடு அறிவிப்பாக அதையும் வாசித்தார். வாசித்தபின் அதை அழிக்க முடியாது.

பலகை வந்தது

இனி வாழை போதாது என்று அயினிப் பலகை செய்வித்தேன். தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலையில் ஞானம்மாளை நிறுத்திக் கோடு வரைந்தேன். அவள் லேஸ் வகுப்புக்குப் போனாள். நான் ஒன்பது அடி அளந்து நின்று முதல் கத்தியை எறிந்தேன்.

அது பலகையில் பட்டுத் திரும்பி என் காலடிக்கு வந்தது.

இரண்டாவது கத்தியும் அப்படியே. பன்னிரண்டு எறிந்ததில் ஐந்துதான் குத்தி நின்றன. அப்போதுதான் விளங்கியது. வாழைத்தடை எதையும் ஏற்கும். நுனி சாய்ந்து வந்தாலும் ஏற்கும், சுற்று முக்கால் ஆனாலும் ஏற்கும். மரம் நேராக வருவதை மட்டும் ஏற்கும். நாற்பதுக்கு நாற்பது என்று நான் பொய் எழுதவில்லை. ஆனால் எழுதியது பொய்.

குத்தி நின்ற ஐந்தில் ஒன்று சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. கழுத்துப் பக்கம். காலையில் அவள் தும்மியபோது நான் துடைத்து வரைந்த இடம்.

கத்தியைப் பிடுங்கினேன். அந்தத் துளையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. பிறகு மெழுகைச் சூடாக்கி, மரத்தூள் கலந்து துளையை அடைத்துத் தேய்த்துவிட்டேன்.

மத்தியானம் அவள் வந்து, "செரியா வருதா?" என்று கேட்டாள்.

"வருது" என்றேன்.

மூன்று நாள் கச்சேரிக்கு லீவு போட்டு எறிந்தேன். ஐந்து ஏழாயிற்று, ஏழு ஒன்பதாயிற்று. அதற்கு மேல் ஏறவில்லை. பன்னிரண்டில் மூன்று எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. சாப்பாடு பிடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிறவளின் கழுத்தைப் பார்க்க முடியவில்லை. 'முடியாது' என்ற ஒரு வார்த்தையை மாசிலாமணியிடம் போய்ச் சொன்னால் போதும். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டு, மழை வருமா என்று கேட்டுத் திரும்பி வந்தேன்.

மேசையில் வைத்தது

பண்டிகை நாள். ஏத்தன், மட்டி என்று வாழைக்குலைகள், கருப்பட்டி, தேங்காய்க் குவியல், காலைக் கட்டிய சேவல்கள். கோயில் முழுக்கப் பழ வாசனை. கத்திகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும், ஜெபத்துக்கு முழங்கால் போட வேண்டும். சுற்றிலும் பிள்ளைகள். எங்கே வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று பார்த்தேன். காணிக்கை மேசை கண்ணில் பட்டது. அதில் ஒரு குலைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து மேசையைப் பந்தலுக்குத் தூக்கி வந்தார்கள். ஏலம் கூறியவர் செல்லையா, எங்கள் ஊரிலேயே உரத்த தொண்டைக்காரர். குலை போயிற்று, சேவல் போயிற்று. பிறகு அவர் துணிச் சுருளை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தார்.

"கத்தி! ஆறு கத்தி! எந்த வீட்டுக் காணிக்கை?"

இங்கே எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசையில் வைத்தது சபைக்கு. ஒருமுறை போதகரே மழைக்கு நனைந்த குடையை மறதியாக மேசை ஓரத்தில் சாய்த்துவிட்டார். குடையும் ஏலத்துக்கு வந்தது. போதகர் தாமே விலை கேட்டார். ஒரு வம்புக்காரர் எதிர்த்துக் கேட்டு எடுத்துவிட்டார். போதகர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூறலில் வீட்டுக்குப் போனார். இது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. எதையும் வைத்த இடம் குறித்து வைக்கிறவன் நான். அன்று மறந்துதான் வைத்தேனா என்று என்னையே பலதடவை கேட்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

"ஓய், அது ஒம்ம கத்தியில்லா? தெரியாம வச்சிட்டேன்னு சொல்லும் ஓய்!" என்று மாசிலாமணி கத்தினார்.

எழுந்து நின்றேன்.

"காணிக்கைதான்" என்றேன்.

பந்தலில் சலசலப்பு. நான் உட்கார்ந்தேன். நாலு நாளுக்குப் பிறகு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

ஆனால் மாசிலாமணி விடுகிறவரா? "நான் கேக்கேன்!" என்று கையைத் தூக்கினார். "நான் எடுத்து இவருக்கே திருப்பிக் குடுத்திருவேன். வேடிக்கை நடக்காம நாம வீட்டுக்குப் போகப்பிடாது, என்ன மக்கா?" கூட்டம் ஆரவாரித்தது. போன மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

"ஒரு தரம்" என்றார் செல்லையா.

பெண்கள் பக்கம் ஒரு கை உயர்ந்தது. ஞானம்மாள் அவருக்கு மேலே கேட்டாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே ஏற்றினார். அவள் சிரிக்காமல் ஏற்றினாள். லேஸ் வேலைக்கு வந்த கூலியை அவள் தனியாக முடிந்து வைத்திருப்பாள். வாத்தியாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதை நான் பார்த்தேன்.

"மூணு தரம்! ஞானம்மாளுக்கு!"

அவள் எழுந்து போய்க் கத்திகளை வாங்கித் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அப்ப வேடிக்கை?" என்றார் மாசிலாமணி, பரிதாபமாக.

"உண்டும் வாத்தியாரே. கத்தி இப்ப எனக்குள்ளதாக்கும். நான் எறியேன். நீங்க போய்ப் பலகையில சாஞ்சு நில்லுங்க."

பந்தலே அதிரும்படி சிரித்தார்கள். போதகர் வேஷ்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். மாசிலாமணி பலகையைப் பார்த்தார், அவள் கக்கத்தைப் பார்த்தார். "அடுத்தாப்புல பாட்டு" என்று அறிவித்தார்.

கால்வாய்க் கரையில்

வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குப் புறப்பட்டோம். கால்வாய் ஓரமாக நடந்தோம். இருபுறமும் அறுத்த வயல், அரிதாளின் வாசனை. அவள் முன்னால், நான் பின்னால்.

"பலகையில பன்னிரண்டுக்கு ஒன்பதுதான் நிக்கும்" என்றேன். "உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும். கழுத்துக்கிட்ட மெழுகு வச்சு அடைச்சிருந்தீங்க. விரல் வச்சதும் வழுக்கிச்சு."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டேனே. வருதுன்னு சொன்னீங்க."

பத்தடி நடந்தபின் கேட்டேன்.

"கத்தி ஏலத்துல போகாம இருந்தா? வந்து நின்னிருப்பியா?"

அவள் திரும்பி நின்றாள். "எனக்கென்ன பைத்தியமா? பலகைக்கிட்ட வந்ததும் மயங்கி விழுந்திருப்பேன். எந்தப் பக்கம் விழணும்னுகூடப் பாத்து வச்சிருந்தேன். எடப்பக்கம் வைக்கோல் கெடந்துது."

நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை. நாலு நாளாக நான் அவளைக் கொன்றுகொண்டிருந்தேன். அவளோ விழுவதற்கு வைக்கோல் பார்த்து வைத்திருந்தாள்.

அவள் கத்திச் சுருளை மறுகக்கத்துக்கு மாற்றிக்கொண்டு ஒரு கையை நீட்டினாள்.

"எந்திரிங்க. ஆளு வருது."